மதுவால் மருத்துவமனையில் சேருவோரின் கணக்கை வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற செவிலியர்,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: மது காரணமான உள்நோயாளிச் சேர்க்கையைத் தனியே பதிந்து, மாவட்ட வாரியாக வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஆண்கள் மெடிக்கல் வார்டில் கழிந்தது. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி வருபவரின் கேஸ் ஷீட்டில் 'கல்லீரல் நோய்' என்று இருக்கும். வலிப்போடு வந்தவர் வலிப்பு நோயாளி. இரவில் பைக்கிலிருந்து விழுந்தவர் தலைக்காயம். மூன்று பேருக்கும் காரணம் குடிதான் என்று வார்டில் எல்லாருக்கும் தெரியும், பதிவேட்டுக்கு மட்டும் தெரியாது.

இது எழுத்து வேலை சம்பந்தப்பட்ட குறை மட்டுமல்ல. கால் முறிந்து சேர்ந்தவர் மூன்றாம் நாள் கை நடுங்கி, எதிரில் இல்லாத ஆட்களோடு பேசி, ட்ரிப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்ப்பார். தினமும் குடித்தவருக்கு அது திடீரென நின்றதால் வரும் நிலை அது. சேரும்போதே கேட்டிருந்தால் அதற்கான மருந்தையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியையும் முன்கூட்டியே கொடுத்திருக்கலாம். கேட்டாலும் பலர் மறைப்பார்கள். ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகலில்) 'மது வாடை' என்று ஏறிவிட்டால் விபத்து இழப்பீடு போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. நியாயமான பயம்தான்.

விற்பனைக் கணக்கில் குறையே இல்லை. 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. 2023-24இல் அதன் வழியாக வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியதைச் சட்டமன்றத்தில் வைத்த கொள்கை விளக்கக் குறிப்பே சொல்கிறது. அதே மதுவால் எத்தனை கட்டில்கள் நிரம்பின, கூடுகிறதா குறைகிறதா, எந்த வயதினர் அதிகம் என்பது மாவட்ட வாரியாக மக்கள் பார்வைக்கு வந்து நான் கண்டதில்லை.

எண்ண முடியாது என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயத்தில் 60 பேருக்கு மேல் இறந்தபோது கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், ஜிப்மர் என்று மருத்துவமனை வாரியாக எத்தனை பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்ற விவரம் அன்றாடம் வந்தது. கள்ளச்சாராயத்தில் இருந்த மெத்தனால் என்ற விஷம் ஒரே நாளில் கொல்வதால் எண்ணினோம், கல்லீரல் பத்து வருடம் எடுத்துக்கொள்வதால் விட்டுவிட்டோம். இங்கிலாந்தில் இந்தச் சேர்க்கைக் கணக்கை உள்ளாட்சிப் பகுதி வாரியாகவே வெளியிடுகிறார்கள். நோய்களுக்கான பன்னாட்டுக் குறியீட்டிலும் மதுவுக்கென எஃப்10, கே70 போன்ற தனி எண்கள் உண்டு.

ஆகவே, ஒவ்வொரு உள்நோயாளியிடமும் மதுப்பழக்கம் பற்றிக் கேட்டு, மேற்படி குறியீட்டோடு பதிய உத்தரவிட வேண்டும். அந்தப் பதில் சிகிச்சைக்கு மட்டுமே, காவல்துறைக்கோ காப்பீட்டுக்கோ போகாது என்று அந்த உத்தரவிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். பெயர் இல்லாத மொத்த எண்ணிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடவும் வேண்டுகிறேன். முதலில் மாவட்டத்துக்கு ஒரு மருத்துவமனையில் தொடங்கினாலும் சரி. செவிலியர்களுக்கு இன்னொரு பதிவேடு வேண்டாம், இருப்பதில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற செவிலியர்