அன்றிரவு பணியில் இருந்த செவிலியர் அக்காவுக்கு

தம்பி மூன்று நாளாகத் தூங்கவில்லை. பல்லைக் கடித்தபடி, யாரோ பின்தொடர்வதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். மனநோய் என்றே நினைத்தோம். நீங்கள்தான் அவனைத் தனியே உட்காரவைத்து, "என்ன எடுத்துக்கிட்டே, சொல்லுப்பா" என்று திட்டாமல் கேட்டீர்கள். மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள் என்றான்.

அப்புறம் எங்களிடம் சொன்னீர்கள்: நிறுத்தியதும் நாள்கணக்கில் தூங்குவான், மனம் அடியோடு சோர்ந்துவிடும், சாகலாம் என்றுகூடத் தோன்றலாம், தனியாக விடாதீர்கள். அப்படியேதான் நடந்தது. நீங்கள் சொல்லாவிட்டால் சோம்பேறி என்று ஏசியிருப்போம்.

இதற்கென்று தனி மாத்திரை இல்லை. ஆலோசனையும், சிறுநீர்ப் பரிசோதனையில் போதை இல்லாதபோதெல்லாம் சிறு பரிசு தரும் முறையும்தான் கைகொடுக்கும் என்றீர்கள். இடையில் ஒருமுறை சறுக்கினான், மறுபடி சிகிச்சைக்குப் போனான். இப்போது எட்டு மாதம் ஆகிறது. அன்றைய பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நன்றி, அக்கா.