கிருஷ்ணகிரி நகர்மன்றத்துக்கு: பழைய தீர்மானப் புத்தகங்களைத் தேடி எடுங்கள்

மதிப்புக்குரிய நகர்மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் பகுதியின் பழைய நிர்வாகம் என்றதும் எல்லோரும் ரீடையும் மன்றோவையும்தான் சொல்வார்கள். 1792-ல் நம் பகுதி அடங்கிய பாராமகால் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போனது. கேப்டன் ரீடு கலெக்டரானார், மன்றோ அவரிடம் உதவி கலெக்டர். நிலத்துக்கு வரி போட அவர்கள் காலத்தில் எழுதிய குறிப்புகள் பிற்பாடு சென்னையில் அச்சாகியும் வந்தன. சரி, அது வரி வாங்கியவர்களின் கதை. வரி கட்டியவர்கள் கூடிப் பேசிய கதை எங்கே இருக்கிறது?

வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் 1882 உள்ளாட்சித் தீர்மானத்துக்குப் பின் 1884-ல் சென்னை மாகாணத்தில் உள்ளாட்சிச் சட்டம் வந்தது. மேலே ஜில்லா போர்டு, நடுவில் தாலுகா போர்டு, கீழே யூனியன் பஞ்சாயத்து. ஜில்லா போர்டுக்குக் கலெக்டரே தலைவர். ஆனாலும் வீட்டு வரி, தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து பேசிய விஷயங்கள். பழையபேட்டையில் முதல் விளக்கு எந்தத் தெருவுக்கு வந்தது, யார் கேட்டு வந்தது என்பதை அவர்களின் தீர்மானப் புத்தகங்களில்தான் தேட முடியும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. 1924-ல் தாழ்த்தப்பட்டோரின் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தால், பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் தாழ்த்தப்பட்டவர்களைத் தடுக்கக் கூடாது என்றாயிற்று. சாலையும் கிணறும் போர்டுகளின் பொறுப்பில்தானே இருந்தன? நம் ஊர் உறுப்பினர்கள் அன்று என்ன செய்தார்கள்? கிணற்றைத் திறந்துவிட்டார்களா, இழுத்தடித்தார்களா? அவர்கள் பேரன் பேத்திகளும், தடுக்கப்பட்டவர்களின் பேரன் பேத்திகளும் இன்று ஒரே வார்டில் ஓட்டுப் போடுகிறார்கள். அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ளும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு.

அன்று நாம் சேலம் ஜில்லாவில் இருந்தோம். 1965-ல் நம்மையும் சேர்த்துத் தருமபுரி தனி மாவட்டமானது, 2004-ல் நாம் தனியானோம். மாவட்டம் பிரியும்போதெல்லாம் கோப்புகளும் இடம் மாறும். ஆகவே நம் பதிவறையோடு நிறுத்தாமல் சேலத்துக்கும் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். கிடைப்பதை ஸ்கேன் செய்து பொது நூலகத்தில் வையுங்கள், பள்ளிப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

முதலில், பதிவறையைத் திறந்து பட்டியல் எடுக்க அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போடுங்கள். அது முடியும்வரை எந்தப் பழைய கட்டும் எடைக்குப் போகக் கூடாது.

இப்படிக்கு,
இந்த ஊரில் வீட்டு வரி கட்டும் ஒருவர்