வயசு மேல பழியைப் போடுறதுக்கு முன்னாடி நடையைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வயசானவங்க மறதி பத்தி யார் எழுதினாலும் அல்சைமர், பார்க்கின்சன்னு சொல்லி முடிச்சிடறாங்க, ஆபரேஷன் பண்ணா தேற வாய்ப்பிருக்கிற இன்னொண்ணு இருக்கே, அதை யாரும் சொல்றதில்லையேங்கிற ஆதங்கத்துலதான் இதை எழுதறேன். மூளைக்குள்ள நீர் தேங்கிடற நார்மல் பிரஷர் ஹைட்ரோகெபாலஸ், சுருக்கமா என்.பி.எச். 1965லயே ஹக்கீம், ஆடம்ஸ்னு டாக்டருங்க இதை விவரமா எழுதிட்டாங்க, நம்மதான் இன்னும் "வயசாயிடுச்சுல்ல"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்திருக்கோம்.

மூளைக்குள்ள தினமும் சுமார் அரை லிட்டர் நீர் சுரந்து அப்பப்ப ரத்தத்துல கலந்துடணும், அது சரியா நடக்கலைன்னா உள்ளறைகள்ல தேங்கி அறைகள் விரிஞ்சிடும். பெரும்பாலும் முதல்ல அடிபடறது நடைதான், மறதி இல்ல. காலை அகட்டி வெச்சு, பாதம் தரையில காந்தம் மாதிரி ஒட்டிக்கிட்டு, தூக்காம தேய்ச்சு தேய்ச்சு நடப்பாங்க. நாற்காலியை விட்டு எழுந்தா முதல் அடி வராது, திரும்பணும்னா நின்ன இடத்துலயே குட்டி குட்டியா அடி வெச்சு வெச்சுத்தான் திரும்புவாங்க. யோசனை மந்தமாகி, கேட்ட கேள்விக்கு பதில் வரவே நேரமாகும். பாத்ரூம் போறதுக்குள்ள யூரின் போயிடும், இதை வீட்லயே கூச்சப்பட்டு மறைக்கிறவங்க டாக்டர்கிட்ட எங்க சொல்லப் போறாங்க! எல்லாமே சேர்ந்து வரணும்னும் இல்ல.

இந்த நடையைப் பார்த்து பார்க்கின்சன்னு நினைச்சுக் கொடுத்த மாத்திரைக்கு பெருசா பலன் தெரியலைன்னா, நாமளா அதை நிறுத்தாம நியூராலஜிஸ்ட்கிட்ட "இது என்.பி.எச்சா இருக்குமா"ன்னு நேரடியா கேட்கணும். ஸ்கேன்ல அறைகள் பெருசா தெரிஞ்சா மட்டும் போதாது, மூளை சுருங்கினாலும் அப்படித் தெரியும், அதனால முதுகுல ஊசி வழியா அதே மூளை நீரை 30லிருந்து 50 மில்லி எடுத்து, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நடக்க வெச்சுப் பார்ப்பாங்க. நடை தேறினா ஷன்ட் வைக்கிறதைப் பத்தி பேசுவாங்க, தலையில இருந்து தோலுக்கு அடியிலயே வயித்துக்குப் போற மெல்லிசு குழாய் அது. அடைப்பு, இன்ஃபெக்‌ஷன், மூளையைச் சுத்தி ரத்தக்கசிவுன்னு ரிஸ்க் இருக்கு, மறைக்க வேண்டாம். நடை தேறுற அளவுக்கு மறதி தேறாது, லேட் ஆக ஆக பலனும் குறையும்.

டாக்டரைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி வயசானவங்க வீட்ல எழுந்து நடந்து திரும்புறதை போன்ல வீடியோ எடுத்துக்கோங்க, வீல்சேர்லயே உட்கார வெச்சு உள்ள தள்ளிட்டுப் போனா அந்த நடையை அங்க யாரு பார்ப்பா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்