திருவிழாக் குழுவில் இருக்கும் அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் வணக்கம்.

காப்புக் கட்டுவதற்கு முன் தலைக்கட்டு வரி பேசக் கூடுவீர்கள், அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். போன பங்குனியில் கிடாவெட்டு முடிந்த ராத்திரி, கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களே என் அக்கா மகனுக்கு கலரில் மதுவைக் கலந்து ஒரு டம்ளர் கொடுத்திருக்கிறார்கள். அவனுக்கு வயது 15. பந்தலுக்கு இரண்டு நாள் மூங்கில் சுமந்த பையன், அதற்குக் கூலி மாதிரி! திண்ணையில் வாந்தி எடுத்துக் கிடந்தவனை அக்காதான் தூக்கி உட்கார வைத்து முகம் கழுவிவிட்டாள். திருவிழாவுக்கு எடுத்த சட்டை, இரண்டு தடவை துவைத்தும் நாற்றம் போகவில்லை. காலையில் போய்க் கேட்டால், "ஒரு கிளாஸ்தானே, நம்ம பையன் கட்டுப்பாடா இருப்பான்" என்று சிரித்தார்கள்.

அந்தக் கட்டுப்பாடு எங்கே இருக்கிறது தெரியுமா? நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியில். 'போதும், நிறுத்து' என்று நம்மைப் பிடித்து இழுப்பது அதுதான், அது முழுசாக முதிர 25 வயதாவது ஆகும். ஆசையைக் கிளப்பும் பகுதி மட்டும் அதற்கு வெகு முன்பே விழித்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் சான் டியாகோவில், 12 முதல் 14 வயதுவரை உள்ள, குடித்துப் பழகாத பிள்ளைகளை ஸ்கேனில் படுக்க வைத்துச் சோதித்தார்கள். திரையில் உருவம் வந்தால் பட்டனை அழுத்த வேண்டும், ஒரு குறிப்பிட்ட உருவம் வந்தால் மட்டும் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். சில வருடம் கழித்து யார் மிதமிஞ்சிக் குடித்தார்கள் என்று பார்த்தால், கையை அடக்க வேண்டிய அந்த நொடியில் அவர்களுடைய மூளையின் முன்பகுதியும் வேறு சில பகுதிகளும் மற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகவே வேலை செய்திருந்தன. முதல் டம்ளருக்கு முன்னாலேயே! இது தலையெழுத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்மாய்க் கரையில் நிற்கிற பத்துப் பையன்களில் யாருக்கு அந்தப் பிடி தளர்வாக இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவீர்களா?

அதே அமெரிக்காவில் 1990-களில் நாடு முழுக்க எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகி இருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது சுமார் 10 பேர்தான்.

சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு மாடு வளர்க்கிறவர்கள் நீங்கள். பல் போடாத கன்றைத் தொழுவில் கொண்டுபோய் அவிழ்த்துவிடுவீர்களா? டாஸ்மாக்கிலேயே 21 வயது ஆகாதவனுக்கு விற்கக் கூடாது என்றுதான் சட்டம், அதை நாம் வாங்கிவந்து கையில் கொடுக்கிறோம்.

சரி, கேட்பது இதுதான். வேலை பார்க்கிற பையன்களுக்குக் கறிச்சோறு போடுங்கள், கையில் காசு கொடுங்கள், வேட்டி துண்டு எடுத்துக் கொடுங்கள். வரிப்பணத்தில் பாட்டில் வாங்காதீர்கள், சின்னப் பிள்ளைக்கு யார் ஊற்றிக் கொடுத்தாலும் கூட்டத்தில் வைத்துக் கேளுங்கள், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். இந்தத் தடவை கூட்டத்துக்கு அக்காவும் நானும் முளைப்பாரி எடுக்கிற மற்றப் பெண்களும் வருகிறோம். எங்களுக்கும் பாய் விரித்து வையுங்கள்.