விசா ஏஜெண்ட் சொல்லாமல் விட்டது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவுக்கு தொழில்திறன் உள்ளவர்களுக்கான 190, 491 என்ற இருவகை விசா வாங்கித் தருகிறோம் என்று தெருவுக்குத் தெரு பேனர் தொங்குகிறது. என் தம்பியும் அப்படி ஓர் அலுவலகத்தில்தான் போய் மாட்டினான். விசாவுக்கு விருப்பம் தெரிவிக்கும் முதல்கட்டப் பதிவுக்கே 40 ஆயிரம் ரூபாய் கறந்துவிட்டார்கள். ஆஸ்திரேலிய அரசின் ஸ்கில்செலக்ட் இணையதளத்தில் அதற்குக் கட்டணமே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. சரி, போனது போகட்டும்.

வயது, படிப்பு, அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுத்தான் இந்த விசாக்களைத் தருகிறார்கள். அங்குள்ள மாநில அரசு பரிந்துரைத்தால் 190க்கு 5 புள்ளி, 491க்கு 15 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும், மொத்தம் 65 வேண்டும் என்பதை மட்டும் சொன்னவர்கள், ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி வேலைப் பட்டியல், தனித்தனி நிபந்தனை உண்டு என்பதைச் சொல்லவே இல்லை. 491 தற்காலிக விசாதான், ஐந்து வருடம். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதியில் மூன்று வருடமாவது இருந்து, வருமானக் கணக்கும் காட்டினால்தான் நிரந்தர விசா கேட்கமுடியும். பட்டிக்காட்டில் தள்ளிவிடுவார்களோ என்று அம்மா வேறு பயந்தார், ஆனால் அடிலெய்டு, பெர்த் போன்ற பெரிய நகரங்களும்கூட அந்தக் கணக்கில்தான் வருகின்றன.

காத்திருந்ததில் தம்பிக்கு 33 வயதாகிவிட்டது. வீட்டில் கேக் வெட்டிய அன்றே வயதுக்கான 30 புள்ளி 25 ஆகக் குறைந்துவிட்டது, அதையும் அவனேதான் கண்டுபிடித்தான். ஏஜெண்டைக் கேட்டால், "பார்த்துக்கலாம் சார்" என்கிறார்.

உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் இந்த விவரங்களை ஒருமுறை விளக்கமாகப் போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி