மனோகரன் அண்ணைக்காகக் கூடிய மாலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்பானவர்களே,

ஜனவரி 22 ஆம் திகதி பின்னேரம் பொப்பிசைப் பாடகர் ஏ. ஈ. மனோகரனை நினைத்துக் கூடினோமே, அதற்கு உதவியவர்களுக்கு அன்றைக்கே நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் எழும்பினேன். தொண்டை அடைத்துவிட்டது, அப்படியே இருந்துவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

2018 இல் அதே நாளில்தான் அவர் சென்னையில் காலமானார். 73 வயது. தமிழ்நாட்டில் அவரைச் சிலோன் மனோகர் என்பார்கள், படங்களில் அடிதடி போடுகிற வில்லனாகப் பார்த்தவர்களே அங்கே கூட. எங்களுக்கு அவர் மனோகரன் அண்ணை. நேரில் ஒரு சொல் பேசியிராதவர்களுக்கும் அண்ணைதான்.

எழுபதுகளில் பெடியன்களாக இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அப்போது மேடை என்றால் கர்நாடக சங்கீதம், றேடியோ என்றால் இந்தியப் படப்பாட்டு. நாங்கள் அடுப்படியிலும் சந்தியிலும் கதைக்கிற தமிழ் பாட்டில் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. பாடகர் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்று தொடங்கினார், மனோகரன் அண்ணை அதே வழியில் மேடை முழுக்க ஆடியபடி வந்தார். போர்த்துக்கேயர் விட்டுப்போன பைலாத் தாளம், கிற்றார், பொங்கோஸ், நடுவில் எங்கள் பேச்சு. பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். நாங்கள் யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குப் போகும்போது சூட்கேசை மடியில் வைத்துத் தாளம் போட்டுக்கொண்டே போனோம். வவுனியாவுக்குக் கிட்ட இருக்கிற தாண்டிக்குளம் தாண்டுவதற்குள் ரயில் பெட்டி முழுக்கப் பாடும்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி கசெற்றைத் தந்த அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 1977 க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட, அவருடைய தமையன் ஒரு ரேப் றெக்கோடர் வாங்கி, றேடியோவுக்கு முன்னால் வைத்துப் பதிந்த கசெற் அது. இலங்கை வானொலியில் எந்த நேரம் பொப்பிசை போகும் என்று பார்த்திருந்து, வீட்டில் எல்லாரையும் வாயைப் பொத்தச் சொல்லிப் பதிந்தாராம். ஒரு பாட்டின் நடுவில் கோழி கொக்கரிக்கிறது. இன்னொன்றில் தாய் யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார். 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் அந்தக் கசெற்றைக் கேட்டிருக்கிறார்கள். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் இழுபடும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அக்கா எடுத்துக்கொண்டு போனவை ஒரு உடுப்புப் பை, பிள்ளைகளின் சான்றிதழ்கள், இந்தக் கசெற். தமையன் அப்போது உயிரோடு இல்லை. அக்கா, நீங்கள் அதைச் சேலை மடிப்பில் சுற்றி எடுத்து வந்து என் கையில் வைத்தபோது எனக்கு வாங்கவே பயமாக இருந்தது. நம்பித் தந்தீர்கள். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்து அந்த றேடியோ திருத்துகிற அண்ணைக்கு. கசெற் பூஞ்சணம் பிடித்து, நாடா ஓரிடத்தில் அறுந்து, உள்ளே அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சு கழன்று கிடந்தது. அவர் கூட்டைத் திறந்து, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றி, அறுந்த இடத்தை ஒட்டி, பூஞ்சணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுத்தார். தன் பழைய றெக்கோடரின் பெல்ற் களியாகிப் போயிருந்ததால் அதையும் மாற்றினார். பிறகு ஒரே ஒரு தடவை ஓடவிட்டு, அந்த ஓட்டத்திலேயே கணினியில் பதிந்தார். மூன்று இரவு வேலை. காசு நீட்டினேன். "உதை மடியில வை, நானும் அந்தப் பாட்டுக்கு ஆடினவன்தான்" என்றார்.

பேசி வைத்திருந்த மண்டபம் இரண்டு நாளுக்கு முன் கிடையாது என்று ஆகிவிட்டது. அப்போது தன் முற்றத்தைத் திறந்துவிட்ட ஆசிரியை அம்மாவுக்கும், கதிரைகள் தந்த சனசமூக நிலையத்துக்கும், ஒலிபெருக்கி கட்டிய தம்பிமாருக்கும் நன்றி. பிளேன்ரீ ஆற்றிய பிள்ளைகளுக்கும். அன்றைக்கு முற்றம்தான் சரியாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அவர் பாட்டுகளைக் கதிரையில் இருந்து கேட்க முடியாது.

அப்புறம், நீர்கொழும்பில் இருந்து வந்த என் சிநேகிதனுக்கு. கொழும்புக் கந்தோரில் ஒரே மேசையின் இரண்டு பக்கம் இருந்து வேலை செய்தவர்கள் நாங்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஒருவரையொருவர் காணவில்லை. அவன் பேரப்பிள்ளைகளோடு பஸ் ஏறி வந்து இறங்கினான். மனோகரன் அண்ணையின் 'சுராங்கனி' பாட்டில் சிங்கள வரிகளை அவன் எடுத்தான், தமிழ் வரிகளை நாங்கள் எடுத்தோம். சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்ததைச் சொல்லுகிற பாட்டு, அதற்குள் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று கேட்பவர்கள் அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்றிருக்க வேண்டும். அவனுக்குக் குரல் நடுங்கியது, ஆனால் தாளம் தவறவில்லை. மச்சான், வந்ததற்கு நன்றி. அடுத்த முறை நான் வருகிறேன், உன் வீட்டுக்கு.

பொங்கோஸ் வாசித்த இளம் தம்பியை மறந்துவிடவில்லை. மனோகரன் அண்ணை பாடிய காலத்தில் அவனுடைய தகப்பனே சின்னப் பிள்ளை. யூடியூப்பில் கேட்டுக் கேட்டு, அந்தப் பைலாவின் துள்ளலை நாங்கள் காட்டித்தர வேண்டிய தேவை இல்லாமலே பிடித்து வந்திருந்தான். எழுபது வயதுக்காரர்கள் முழங்காலை மறந்து ஆடியதற்கு அவன்தான் பொறுப்பு.

வெளிநாடுகளில் இருந்து இரவிலும் அதிகாலையிலும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தவர்களே, உங்கள் பக்கம் கைதட்டியது எங்களுக்குக் கேட்டது.

கசெற்றின் பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது, கோழிச் சத்தத்தோடு. அக்கா சம்மதம் தந்துவிட்டார். வேண்டியவர்கள் ஒரு பென்டிரைவோடு வாருங்கள், காசு எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே அந்தக் காலக் கசெற் ஏதும் கிடந்தால், ஆசையில் உடனே போட்டுப் பார்த்துவிடாதீர்கள். பழைய நாடா அறுந்துவிடும். அப்படியே துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவாருங்கள். றேடியோ திருத்துகிற அண்ணை பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அன்றைய கூட்டத்தின் சார்பில், உங்களில் ஒருவன்