போக்கிடம் இல்லாத ஆறு பாட்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ராக் இசைத் தொகுப்புகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிரிட்டன் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'ரெலிக்ஸ்' தொகுப்பை, விற்ற சரக்கையே மறுபடி விற்றார்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார் கட்டுரையாளர். தொகுப்பு என்றாலே கம்பெனி காசு பார்க்கிற வேலை என்ற எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் அதைக் காட்ட வேண்டிய இடம் இந்தத் தட்டு இல்லை.

1971 மே மாதம் வந்த 'ரெலிக்ஸில்' மொத்தம் 11 பாட்டுகள். அதில் 5 மட்டுமே பிரிட்டனில் அதற்கு முன்பு வெளியான எல்.பி.க்களில் (பல பாட்டுகள் கொண்ட பெரிய தட்டுகளில்) இருந்தவை. மற்ற ஆறையும் அந்தப் பதிவில் அங்கே அதற்கு முன் வந்த எந்த எல்.பி.யிலும் தேடிப் பிடிக்க முடியாது. சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சின்னத் தட்டாக, வந்த பாட்டை எல்.பி.யில் சேர்க்காமல் விடுவது அந்தக் காலத்து பிரிட்டனில் சகஜம். அதனால்தான் 'அர்னால்ட் லேன்', 'சீ எமிலி ப்ளே' இரண்டும் முதல் எல்.பி.யில் இல்லை. சின்னத் தட்டு கடையிலிருந்து போனால் பாட்டும் போன மாதிரிதான்.

அந்த இரண்டையும் எழுதிப் பாடிய சிட் பாரெட் 1968 ஏப்ரலிலேயே குழுவை விட்டுப் போய்விட்டார். 'அர்னால்ட் லேன்' கொடியில் காயும் பெண்கள் துணியைத் திருடுகிற ஒருவனைப் பற்றியது. கேம்பிரிட்ஜில் பாரெட், குழுவின் பாஸ் கிட்டார்காரர் ரோஜர் வாட்டர்ஸ் இருவர் வீட்டிலும் மாணவிகள் வாடகைக்குத் தங்கியிருந்தார்கள், அவர்கள் துணி உண்மையிலேயே களவு போனது என்று வாட்டர்ஸே சொல்லியிருக்கிறார். கடலில் கப்பல் போட்டுத் திருட்டுத்தனமாக ஒலிபரப்பிய ரேடியோ லண்டனே இந்தப் பாட்டைப் போட மறுத்தது என்பதுதான் வேடிக்கை! அப்படியும் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 20-ஆம் இடம் வரை ஏறியது. அடுத்து வந்த 'எமிலி' 6-ஆம் இடத்தைப் பிடித்தது.

அதற்கப்புறம் வந்த மூன்று சிங்கிள்களும் படுதோல்வி. தொகுத்தவர்கள் செய்ததைக் கவனியுங்கள். அந்த மூன்றின் முன்பக்கப் பாட்டுகளையும் விட்டுவிட்டு, பின்பக்கத்தில் இருந்தவற்றை எடுத்தார்கள். குழுவின் கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட்டின் 'பெயின்ட்பாக்ஸ்', 'ஜூலியா ட்ரீம்', 'கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜீன்' இப்படி வந்து சேர்ந்தவைதான். மூன்றாவதன் மேடைப் பதிவு 'உம்மகும்மா' எல்.பி.யில் இருக்கிறது, சரி. ஆனால் ஸ்டூடியோவில் பதிவான வடிவம் அதைவிடச் சின்னது. வாட்டர்ஸ் தலைப்பைக் கிசுகிசுத்துவிட்டு அலறுகிற அந்த இடம் இதில் இன்னும் பக்கத்தில் கேட்கிறது. வெறும் காசுதான் குறி என்றால் யாராவது பின்பக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பார்களா?

ஆறாவதாக 'பைடிங் மை டைம்' என்று ஒரு பாட்டு. அது அதுவரை எங்குமே வெளிவராதது. சோம்பலான ப்ளூஸாகத் தொடங்கிச் சத்தம் போட்டு முடிகிறது. கடைசியில் டிரோம்போன் என்ற பித்தளைக் குழலை ஊதுவது ரைட். கீபோர்டுக்காரர் டிரோம்போன் ஊதுவதைக் கேட்கவே இந்தத் தட்டை வாங்கலாம் என்பேன். என் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

பழைய எல்.பி.க்களிலிருந்து எடுத்ததிலும் ரசனை தெரிகிறது. 'ரிமெம்பர் எ டே'யில் வழுக்கி வழுக்கி வரும் கிட்டார் பாரெட்டுடையது. டிரம்ஸ் வாசித்தது குழுவின் டிரம்மர் நிக் மேசன் அல்ல. அந்தத் தாளம் அவருக்குப் பிடிபடாததால் தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித்தே உட்கார்ந்து வாசித்தார். கடைசிப் பாட்டு 'பைக்'. அதன் முடிவில் ஓர் அறை முழுக்கக் கடிகாரங்களும் மணிகளும் கிணுகிணுக்கும், பிறகு வாத்துக் கத்தலா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

கம்பெனிக்கு லாப நோக்கமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 'ஆட்டம் ஹார்ட் மதர்' எல்.பி. 1970 அக்டோபரில் வந்தது, அடுத்த எல்.பி.யான 'மெடில்' பிரிட்டனில் வந்தது 1971 நவம்பரில். நடுவில் ஒரு வருஷம் கடையில் புதுச் சரக்கு இல்லை. அந்த இடைவெளியில்தான் இது வந்தது. ஆனால் அவர்களுடைய தட்டுக் கம்பெனியான ஈ.எம்.ஐ. இதை வெளியிட்டது ஸ்டார்லைன் என்ற மலிவு விலை வரிசையில். கையில் காசு குறைவாக இருந்த பையன்களுக்கு இது வாய்ப்பாக அமைந்தது. அந்த ஐந்து சிங்கிள்களின் பத்துப் பக்கமும் ஒரே சி.டி.யில் வர 1992 ஆனது. அதுவும் தனியாக இல்லை, 'ஷைன் ஆன்' என்ற விலை கூடிய பெட்டிக்குள்.

கட்டுரையாளர் திட்ட வேண்டியது 1981-இல் வந்த 'எ கலெக்‌ஷன் ஆஃப் கிரேட் டான்ஸ் சாங்ஸ்' தொகுப்பை. எல்லோரிடமும் இருந்த பாட்டுகள். அதில் 'மணி' என்ற பாட்டின் பழைய பதிவைத் தர பழைய அமெரிக்கக் கம்பெனி மறுத்துவிட்டது என்பதற்காக, குழுவின் கிட்டார்காரர் டேவிட் கில்மர் கிட்டத்தட்ட எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்துப் புதிதாகப் பதிவு செய்தார். 2001-இன் 'எக்கோஸ்' எனக்கு இன்னும் கோபம் தருகிறது. இரண்டு சி.டி., 26 பாட்டுகள். பாட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, நீளமானவற்றை வெட்டி வைத்திருக்கிறார்கள். பாரெட் காலத்துப் பாட்டுகள் ஐந்து அதில் இருக்கின்றன, ஆனால் பிற்காலப் பாட்டுகளுக்கு நடுவே சிதறிக் கிடப்பதால் அந்த வயதின் கிறுக்கு தெரிவதில்லை. 'ரெலிக்ஸில்' அது ஒரே மூச்சில் தெரிகிறது.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு போட்ட வண்ணப் படத்தின் கீழே '1971 அட்டை' என்றிருந்தது. 1971-இல் பிரிட்டனில் வந்த அட்டை, கட்டடக்கலை படித்த நிக் மேசன் கோடு கோடாக வரைந்த ஓவியம். குழாயும் சக்கரமுமாக, எதற்கென்றே தெரியாத ஒரு யந்திரம். நீங்கள் போட்டது 1996 சி.டி.யின் அட்டை. அந்த ஓவியத்தைப் பார்த்து மாதிரி ஒன்று செய்து படம் பிடித்தது அது. அடுத்த இதழில் திருத்தம் போடும்போது மேசனின் ஓவியத்தையும் பெரிதாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், மதுரை